கொக்கு என்ன கற்றுத் தரும்?

காலம் வரும்வரை கொக்கைப்போல் ஒடுங்கிக் காத்திரு என்றார் வள்ளுவர். அந்தக் கொக்கின் கூட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். உண்ணிக்கொக்கின் முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. முந்திப் பிறந்த குஞ்சுகள் வலுத்துவிடும்; கடைக்குட்டியைக் கொத்திக் கொத்தி ஒடுக்கும், சில நேரம் கொன்றும்விடும். பெற்ற பறவைகள் பக்கத்திலேயே இருந்தாலும் பெரும்பாலும் தடுப்பதில்லை.

பொறுமையை மட்டும் எடுத்துக்கொள், இதை விட்டுவிடு என்று நமக்குச் சொன்னது யார்? நிச்சயமாகக் கொக்கு சொல்லவில்லை. புழுவின் உடலை உள்ளிருந்தே தின்று வளரும் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860இல் தாவரவியலாளர் ஏசா கிரேக்குக் கடிதம் எழுதினார் டார்வின். அந்தத் தவிப்பு நியாயமானது.

இயற்கையில் எல்லாமே பின்பற்றத் தக்கதல்ல என்பது நம் முன்னோருக்கும் தெரிந்தே இருந்தது. பாகவதத்தில் வரும் அவதூதர் என்னும் துறவி தன் 24 குருமார்களைச் சொல்லும்போது, பொறுமைக்குப் பூமியைச் சொல்கிறார். விளக்கில் விழும் விட்டிலும், வலையில் சிக்கிய குஞ்சுகளைக் கண்டு தானும் போய் விழும் புறாவும்கூட அதே வரிசையில் இருக்கின்றன. அவற்றைப்போல் வாழாதே என்பதற்காக!

ஆகவே, இயற்கையைப் பார்த்து அப்படியே நடப்பது அறமாகாது. ஆனால், ஓர் உயிரை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்ப்பவர்களுக்கு அதன்மேல் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் செழிக்கும் என்பதை அந்த ஊர் விவசாயிகள் கண்டுகொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798 வாக்கில் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேசிடம் பாதுகாப்புப் பட்டயமே வாங்கிவிட்டார்கள். சட்டப் புத்தகங்கள் காட்டுயிர்களைக் கவனிக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பு!

விளைச்சலுக்காகத்தானே என்று சிலர் கேட்கலாம். இருக்கட்டும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசுக்கு ஏங்கும் பிள்ளைகளிடம் அங்கே எந்த விளைச்சல் கணக்கைச் சொல்லிவிட முடியும்?

இப்படிக் காத்தவர்களை மறந்தாற்போல், 2020இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டராக இருக்கும் சரணாலய எல்லையை 3 ஆகக் குறைக்க ஒரு யோசனை வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. அந்த எல்லைக்குள் உழுது பிழைப்பவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.