எத்திரோவின் மருமகன்



முப்பது ஆண்டுகள் கணனித்துறையில் உழைத்துவிட்டு, டொரன்டோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வடபுலத்துச் சொந்தக் கிராமத்திற்கு நிரந்தரமாகத் திரும்பும் ஒருவரை எண்ணிப்பாருங்கள். அவர் உங்கள் உடன்பிறந்தவராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். முதல் மாதம் இனிதாகவே கழியும். பனங்காற்று, கிணற்றுத் தண்ணீர், பின்னேரத் தேநீர்! இரண்டாம் மாதத்தில் சோதனை தொடங்கும். இணையத் தொடர்பு அறுந்துபோகும். திருத்துநர் நாளை வருவதாகச் சொல்லி மறுவாரமும் வரமாட்டார். ஒரு கையெழுத்துக்காகப் பிரதேச செயலகத்திற்கு மூன்று முறை செல்ல நேரிடும்.

அவரை வாட்டுவது உண்மையில் இணையமின்மை அன்று. நேற்றுவரை நள்ளிரவிலும் அவரைத் தேடி அழைப்பு வந்தது. அவரன்றி வேலை நகராது என்ற நிலை இருந்தது. இன்றோ அவருடைய அறிவை எவரும் கேட்பதில்லை. தாம் எவருக்கும் தேவையற்றவராகிவிட்டோமோ என்ற எண்ணமே உள்ளே உறுத்துகின்றது. அதை மறைக்கவே, இந்த ஊர் திருந்தாது என்று சினந்துகொள்கின்றார்.

வேதாகமத்திலும் இந்நிலையைக் கண்ட ஒருவர் உண்டு. மோசே எகிப்தின் அரண்மனையில் வளர்ந்தவர். அந்நாட்டின் கலைகள் யாவும் கற்றவர். தேர்ப்படையும் எழுத்தர் கூட்டமும் கொண்டிருந்த எகிப்து, அக்காலத்தின் முன்னணித் தொழில்நுட்ப நாடுகளுள் ஒன்று. அங்கிருந்து தப்பியோடியவர் மீதியான் தேசத்தில் மாமனார் எத்திரோவின் ஆடுகளை மேய்த்தார். நாற்பது ஆண்டுகள்! நாமோ பிரசங்கங்களில் எரியும் முட்செடிக்கு விரைந்துவிடுகின்றோம். இடைப்பட்ட ஆண்டுகளைக் கவனிப்பதில்லை. பின்னாளில் மோசே காலைமுதல் மாலைவரை தனியொருவராக வழக்குகளைத் தீர்த்துக் களைத்தபோது, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கென அதிபதிகளை நியமித்துப் பொறுப்பைப் பகிரும்படி வழி சொன்னவர் யார்? அரண்மனை அறிஞர் எவருமல்லர். அந்த மீதியான் நாட்டு மாமனாரே. மோசே அதைக் கேட்டு அவ்வாறே செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

நம் ஊர்களிலும் எத்திரோக்கள் இருக்கின்றனர். 1990 இல் யாழ். குடாநாட்டிற்கான மின்சாரம் நின்றது. பற்றரிகளுக்கும் தடை வந்தது. அப்பொழுது துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இம்மக்களே. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துச் சிறிதளவு எண்ணெயில் எரியும் விளக்கைச் செய்து, அதன் ஒளியிற் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிப்பித்தனர். இவையும் பொறியியல் அல்லவா? அறிவுரை கூறவரும் பொறியியலாளர், அந்த மிதிகட்டையைச் சுழற்றிய கைகளுக்கு அருகில் அமர்ந்து முதலிற் கேட்கட்டும்.

அதற்காக, தொடர்பற்ற வாழ்வைப் புனிதமாக்குவோருடனும் எனக்கு உடன்பாடில்லை. (வசதிகளை வேண்டியமட்டும் அனுபவித்து முடித்தவர்களே பெரும்பாலும் அப்படிப் பேசுகின்றனர்.) குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கே இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டு, தீவின் வைத்தியசாலையால் இயலாத சிகிச்சை தேவைப்பட்டால், அந்தக் கடலைக் கடந்தே ஆகவேண்டும். அவ்வேளையில் ஒரு தொலைபேசி அழைப்புக் கிடைப்பதும் கிடையாததும் உயிர்ப் பிரச்சினை. அம்மக்களிடம் மௌனத்தின் இனிமையைப் போதிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே, திரும்பி வந்தவரே, உங்கள் அறிவு இங்கே வேண்டப்படுகின்றது. ஆயினும் முதலாண்டில் எதையும் சீர்திருத்த முற்படாதீர்கள். சங்கக்கடையில் வரிசையில் நில்லுங்கள். மாலையில் வாசிகசாலைக்குச் செல்லுங்கள். ஒரு மரணச் செய்தி, கைத்தொலைபேசி இல்லாத முதியவரின் வீட்டையும் தவறவிடாமல் ஒரு மணித்தியாலத்திற்குள் ஊரெல்லாம் சென்றடைவதைக் கவனியுங்கள். அதைச் சுமந்து செல்பவர்கள் யார் என்று அறிந்துவையுங்கள். பாடசாலையின் கணனி அறையில் ஏதேனுமொன்று பழுதாகிக் கிடக்கக்கூடும். அதிபர் ஒருநாள் தயங்கியபடி உங்கள் படலையைத் திறப்பார். அன்று நீங்கள் மட்டும் தனியே அமர்ந்து திருத்திக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரண்டு மாணவரை அருகில் அமர்த்தி, திருகாணியை அவர்கள் கையாலேயே கழற்றச் செய்யுங்கள்.