படியேற முடியாதவர்களுக்கு ஒரு வண்டி

தேனி ஜில்லா ஆண்டிபட்டி தாலூகாவில், மூல வைகை வருசநாட்டு மலைகளை விட்டு இறங்கிவரும் வழியில் இருக்கிறது மயிலாடும்பாறை. கடமலைக்குண்டோடு சேர்ந்து ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர் அது. அங்கிருந்து கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாகக் கீழே வந்தால், க. விலக்கில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நிற்கிறது. பாதை ஒன்றே, பஸ்ஸும் உண்டு. ஆயினும் பஸ் நிற்குமிடம் வரையில் நடக்க மாட்டாத கிழவருக்கும், நடந்து வந்தும் படியேற மாட்டாதவருக்கும் அந்த ஆஸ்பத்திரி க. விலக்கில் இருந்தாலென்ன, காசியில் இருந்தாலென்ன? மலைமேல் அரசரடி, பொம்மராஜபுரம் போன்ற குடியிருப்புகளின் நிலையோ இன்னும் மோசம். அங்கே காட்டுப் பாதையும் ஜீப்புமே கதி.

இவ்விஷயத்தில் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். 2021-ம் வருஷம் மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் அளிக்கப்பட்டது. அவ்வருஷமே மாற்றுத் திறனாளிகளுக்கும், அவர்களோடு துணைக்கு வரும் ஒருவருக்கும் அச்சலுகை நீட்டப்பட்டது. மெச்சத்தக்க காரியம். ஆனால் கட்டணம் என்பது பிரயாணத்தில் ஒரு பாதிதான். முழங்கால் உயரப் படியில் ஏற்றிவிட ஆள் வேண்டும். வீட்டிலிருந்து நிறுத்தம் வரை கொண்டுவரக் கை வேண்டும். இவை டிக்கட்டில் அடங்குவன அல்ல. வயோதிகர்களுக்கு 2016-ல் ஏற்பட்ட இலவச டோக்கனும் சென்னை மாநகரப் பஸ்களுக்கே உரியது. வருசநாட்டுக் கிழவர் சென்னையில் பிறக்காதது அவர் குற்றமா என்று கேட்கத் தோன்றுகிறது.

நடக்க முடியாதவரிடம் நாமே செல்லவேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுக்குப் புதிதன்று. 2021 ஆகஸ்டில் மருந்து வீடு தேடி வரத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தின் பேரால் ரேஷன் பொருள்கள் வயோதிகர், மாற்றுத் திறனாளிகள் வாசலுக்கே கொண்டுசெல்லப்பட்டன. 2024-ம் வருஷப் பார்லிமெண்டுத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்கள் விரும்பினால் வோட்டுச் சீட்டே அவர்கள் வீட்டுக்கு வந்தது! கிழவரின் வோட்டுக்கு வழி கண்டவர்கள் அவருடைய கண்ணுக்கு வழி காணவேண்டாமா? புரை எடுக்கும் சிகிச்சையை வீட்டுத் திண்ணையில் செய்ய முடியாது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இரத்தச் சுத்தி வாரந்தோறும் ஆஸ்பத்திரியில் நடக்கவேண்டியது. ஊனச் சான்றிதழ் பெறுவதற்கோ, ஊனமுற்றவரே வைத்தியர்கள் முன் போய் நிற்கவேண்டும். நிற்க முடியாதவர் என்பதற்குச் சான்று பெறுவதற்கும்கூட!

2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதியை உரிமையாகவே வகுத்திருக்கிறது. அதன் கீழான அணுகல் விதிகள் கட்டாயமாக இருக்கவேண்டும் என்று 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சென்னையில் வழக்காடியதன் பயனாகத் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. ஆனால் சென்னைக்கு ஏற்ற வைத்தியம் மயிலாடும்பாறைக்கு ஏற்குமென்று நாம் கருதவில்லை. மேடு பள்ளமான பாதையில் தாழ்தளம் தரையைத் தட்டும். இங்கே வேண்டுவது ஒரு ஜீப்பும், அதில் ஏற ஒரு பலகையும், தாங்கிப் பிடிக்க இரு தொண்டர்களுமே.

தொண்டர்களுக்கா நம் கிராமங்களில் பஞ்சம்? கோவில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி எடுக்கும் ஊர், சாவு வீட்டில் அழைக்காமலே வந்து தோள் கொடுக்கும் ஊர், வாரம் ஒரு நாள் நாலு கிழவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லத் தயங்காது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தது ஒரு கிராமத்தில்தான். தடை மனத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

இதைச் சற்று விவரித்தல் அவசியம். சொந்த வண்டியில் ஒருவரை இலவசமாக ஏற்றிச் செல்லலாம். ஆனால் பெட்ரோல் செலவுக்கென்று தலைக்கு இவ்வளவு என வாங்கினால், பெர்மிட் இன்றி வாடகைக்கு ஓட்டியதாக 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்ட இடமுண்டு. ஒன்றும் வாங்காவிட்டாலோ வேறு ஆபத்து. சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்ச இன்ஷ்யூரன்ஸ் மட்டும் உள்ள வண்டியில் இலவசமாக வந்தவருக்கு விபத்து நேர்ந்தால் கம்பெனி பொறுப்பன்று; 2006-ல் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்றவர் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டு கூறிய முடிவு இது. ஆகவே உபகாரம் செய்யப் புகுந்தவன் தன் நிலத்தை விற்று நஷ்டஈடு கொடுக்க நேரலாம். இதை அறிந்தவன் சாவியை எடுப்பானா?

பிரிட்டனில் 1985-ம் வருஷத்துச் சட்டமே லாப நோக்கமற்ற கிராமச் சங்கங்களுக்குத் தனி பெர்மிட் கொடுத்து, ஊர்க்காரர்களே ஊதியமின்றிப் பஸ் ஓட்ட வழி செய்தது. முதியோர் மிகுந்த ஜப்பான் 2006-ல் சட்டத்தைத் திருத்தி, பொதுநலச் சங்கங்கள் சொந்தக் கார்களில் சிறு தொகை பெற்றுக் கிழவர்களை அழைத்துச் செல்ல அனுமதித்தது. நம் சர்க்கார் 2025-ல் மினி பஸ் திட்டத்தை விரிவுபடுத்தியபொழுது இவ்வழியையும் யோசித்திருக்கலாம். மினி பஸ் முதலாளி கூட்டமுள்ள இடத்துக்குத்தான் வண்டி விடுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை.

செலவுத் தொகையை மட்டும் பெறும் தொண்டர் வண்டிகளுக்கு எளிய பெர்மிட் ஒன்றைச் சர்க்கார் ஏற்படுத்தவேண்டும். ஏறிவருவோரையும் காக்கும் முழு இன்ஷ்யூரன்சுக்கான பிரீமியத்தை ஊராட்சி ஒன்றியமே கட்டவேண்டும். கடமலைக்குண்டு–மயிலாடும்பாறை ஒன்றியத்தில் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். யார் யாருக்கு வண்டி வேண்டும் என்று தேடி அலையவும் வேண்டியதில்லை. வீட்டு வாசலில் அரிசி இறக்குவதற்காக எடுத்த ஜாபிதா ரேஷன் கடைகளில் உண்டு. முதல் வாரத்து ஜீப்பை அதைக் கொண்டே அனுப்பலாம்.