முழங்காற் பிறைத்தகட்டின் தேய்வுக் கிழிவு: படமும் வலியும்

மூட்டை சுமப்போர், குந்தியிருந்து வலை பொத்துவோர், முழந்தாளிட்டு நிலத்துக்குக் கல் பதிப்போர், தரையில் அமர்ந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரை முழங்கால் வலி நடுத்தர வயதிலேயே பற்றிக்கொள்கின்றது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் போன்ற குடியிருப்புகளில் இவ்வலி ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாயையே பாதிக்கக்கூடியது. வலிக்குக் காரணம் தேடிக் காந்தப் பரிவுப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுக்கப்பட்டு, அறிக்கையில் ‘பிறைத்தகடு கிழிந்துள்ளது’ எனக் காணப்பட்டால், அக்கிழிவை வெட்டி அகற்றினாலன்றி உய்வில்லை என்ற அச்சம் எழுவது இயல்பே. இவ்வச்சம் எவ்வளவு பொருத்தமானது என்பதை ஈண்டு நோக்குவோம்.

தொடையென்புக்கும் கணைக்காலென்புக்கும் இடையே, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக, பிறை வடிவான இரு கசியிழையத் தகடுகள் உள்ளன. முழங்காலை நீட்டி நிற்கும்போது மூட்டின் மீதான சுமையில் ஏறத்தாழ அரைப்பங்கை இவை தாங்குகின்றன. 90 பாகை மடக்கும்போது இப்பங்கு ஏறத்தாழ 85 சதவீதமாக உயருகின்றது. குந்தியிருப்பதும் முழந்தாளிடுவதும் இத்தகடுகளுக்கு எத்துணைப் பாரமானவை என்பதை இதிலிருந்து உணரலாம். வளர்ந்தோரில் தகட்டின் வெளிவிளிம்புக்கு மட்டுமே குருதி செல்கின்றது. உட்பகுதி குருதியற்றதாதலின், அங்கு ஏற்படும் சிதைவு எளிதில் ஆறுவதில்லை. விளையாட்டில் முழங்கால் முறுகுவதால் இளைஞருக்குத் திடீரெனக் கிழிவு ஏற்படும். தேய்வுக் கிழிவோ அவ்வாறன்று. அது பல்லாண்டுகளாக இழையம் நலிந்ததன் விளைவு. பெரும்பாலும் உட்புறத் தகட்டின் பின்பகுதியிலேயே தோன்றுகின்றது.

1895 இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர் என்பைக் காட்டுமேயன்றிப் பிறைத்தகட்டைக் காட்டாது. ஆகவே, மூட்டினுள் சாயமருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் முறை முன்னர் கையாளப்பட்டது. 1973 இல் போல் லோட்டர்பர் வெளியிட்ட ஆய்வு காந்தப் பரிவுப் படமாக்கலுக்கு வழி திறந்தது. உடலிலுள்ள ஐதரசன் கருக்கள் காந்தப் புலத்தில் எழுப்பும் சைகைகளே இங்கு படமாகின்றன. நலமான பிறைத்தகடு கருமையாகத் தோன்றும். அதனுள் தோன்றும் வெண்கோடு தகட்டின் மேற்பரப்பைத் தொடுமாயின், அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுமுகங்களில் அவ்வாறு காணப்படுமாயின், கிழிவு என முடிவுசெய்வர். மேற்பரப்பைத் தொடாத வெண்மை உள்நலிவு மட்டுமே.

எனினும், கிழிவு உண்டென்பது வேறு. வலிக்குக் காரணம் அதுவே என்பது வேறு. அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையான 991 பேரின் முழங்கால்களைப் படமெடுத்து 2008 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடம் பிறைத்தகட்டுச் சிதைவு காணப்பட்டது. கிழிவு இருந்தோருள் 61 சதவீதத்தினருக்கு முந்திய ஒரு மாதத்தில் முழங்கால் வலியோ விறைப்போ இருந்ததில்லை. எனவே, வலியுள்ள ஒருவரின் படத்தில் கிழிவு தென்படுவது தற்செயல் உடனிகழ்வாகவும் இருக்கலாம்.

சிகிச்சை ஆய்வுகளும் இம்முடிவுக்கு அரண் செய்கின்றன. பின்லாந்தில் தேய்வுக் கிழிவுடைய 146 பேருள் ஒரு சாராருக்குக் கிழிந்த பகுதி வெட்டி அகற்றப்பட்டது. மறுசாராருக்கு வெட்டுவதாகப் பாவனை மட்டுமே செய்யப்பட்டது. 2013 இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டின் பின் இரு சாராரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. 2017 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான வழிகாட்டி, தேய்வு நோயுற்ற முழங்கால்களுக்கு உள்நோக்கிச் சத்திரசிகிச்சை செய்வதற்கு எதிராக உறுதியான பரிந்துரையை வழங்கியது. தொடைத்தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும், உடற்பருமன் உடையோர் எடையைக் குறைத்தலுமே முதற்கண் மேற்கொள்ளத்தக்கவை. முழங்கால் நீட்டமுடியாது பூட்டிக்கொள்ளுதல், இளவயதில் திடீர்க் காயம், காய்ச்சலுடன் கூடிய வீக்கம் என்பன வேறு வகையின. அவற்றுக்கு உடன் மருத்துவப் பரிசோதனை வேண்டும்.

இத்தேய்வை முதுமையின் மேல் மட்டும் சுமத்திவிடவும் இயலாது. டென்மார்க்கில் முழந்தாளிட்டுத் தளம் பதிக்கும் தொழிலாளரையும் மேசைத் தொழில் செய்வோரையும் படமெடுத்து ஒப்பிட்டபோது, முன்னவரிடையே உட்புறத் தகட்டின் தேய்வுக் கிழிவு மிகுதியாகக் காணப்பட்டது. மேற்கு ஜேர்மனி 1952 இல் சுரங்கத் தொழிலாளரின் பிறைத்தகட்டுச் சிதைவைத் தொழில்நோயாக ஏற்றது. 1988 இல் அவ்வேற்பு பிற தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரே சிதைவை, நட்டஈட்டுக்குரிய தொழிற்பாதிப்பு எனவும் கொள்ளலாம், வயதின் இயல்பு எனவும் தள்ளிவிடலாம். எவ்வாறு கொள்வது என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது.

ஆகவே, துறைமுகத்து உழைப்பாளி ஒருவர் கடன்பட்டுப் படமெடுக்க முற்படுமுன், அவர் எவ்வாறு வேலை செய்கிறார், ஒரு நாளில் எத்தனை மணிநேரம் முழங்காலை மடக்கியிருக்கிறார் என்பன வினவப்படல் வேண்டும். தாழ்ந்த இருக்கை, நின்றபடி கையாளத்தக்க நீண்டபிடிக் கருவி, இடையிடையே ஓய்வு ஆகியவை சிறியனவாயினும், கிழிவின் படத்தினால் ஆகாத பயனை அவை தரவல்லன. அவற்றை உழைப்பாளிக்கு உரித்தாக்குவது மருத்துவரால் மட்டும் ஆகும் காரியமன்று. வேலை கொடுப்போரும், தொழிற்சங்கங்களும், தொழிற்சட்டம் இயற்றுவோரும் அதற்குப் பொறுப்புடையராவர்.