இணையதளத்தை இடம் மாற்றுவோர் கவனத்திற்கு

மளிகை மண்டி வைத்திருப்பவனுக்கு கம்ப்யூட்டர் விஷயத்தில் என்ன எழுத்து என்று சிலர் கேட்கக்கூடும். பட்ட அடியைச் சொன்னால் மற்றவர்கள் தப்பிக்கலாம் என்றே எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு நவம்பரில் நம் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது நினைவிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி வியாபாரிகளெல்லாம் பில் புத்தகத்திலும் பெயர்ப் பலகையிலும் "திருப்பத்தூர் மாவட்டம்" என்று மாற்றினார்கள். கடை ஓர் அடிகூட நகரவில்லை, விலாசம்தான் மாறியது. ஆம்பூருக்கு 635802 என்ற பின்கோடு அப்படியே இருந்ததால் தபாலும் தவறவில்லை. இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது நடப்பது இதற்கு நேர் எதிரானது. பெயர் அப்படியே இருக்கும், கடை வேறு இடத்துக்குப் போய்விடும். அதை ஊருக்குச் சொல்லும் வேலையில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

இதில் மூன்று தரப்பு உண்டு. நம் பெயரைப் பதிவு செய்து ஆண்டுக் கட்டணம் வாங்குபவர் ரிஜிஸ்ட்ரார். நம் பக்கங்களை வைத்திருக்கும் இடம் சர்வர், அதாவது கடைக் கட்டடம். இரண்டுக்கும் நடுவில் நேம்சர்வர் என்று ஒன்று இருக்கிறது. "இந்தப் பெயருள்ள கடை எங்கே?" என்று கேட்பவருக்கெல்லாம் ஏட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வது அதன் வேலை. எந்த நேம்சர்வரிடம் நம் ஏடு இருக்கிறது என்பதை ரிஜிஸ்ட்ராரிடம் எழுதி வைக்க வேண்டும். வழக்கமாக இரண்டு பெயர்கள் கொடுப்பார்கள், ஒன்று படுத்துவிட்டால் மற்றது பதில் சொல்வதற்காக.

ஆதியில் இந்த ஏற்பாடு கிடையாது. அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரையும் ஒரே பட்டியலாக வைத்திருந்தார்கள். அதை எல்லோரும் பிரதி எடுத்துக்கொள்வார்கள், நாம் டெலிபோன் டைரக்டரி வைத்திருந்த மாதிரி. பட்டியல் பெருத்துப்போய்ச் சமாளிக்க முடியாமல், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அவரவர் ஏட்டை அவரவரே வைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். இன்றும் அதுதான் நடக்கிறது.

இந்த ஏடு பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு ஒன்பது மணி சுமாருக்கு வாட்ஸ்அப் நின்றது. சுமார் ஆறு மணி நேரம் ஆர்டரும் இல்லை, ரேட்டும் இல்லை. அந்தக் கம்பெனி தன் இணைப்பைப் பராமரிக்கும்போது செய்த பிழையால் அதன் நேம்சர்வர்களை வெளியுலகம் எட்ட முடியாமல் போயிற்று. கட்டடம் இருந்தது, வழி சொல்ல ஆளில்லை.

இனி என் கதை. 2011இல் ஒரு வாலிபர் எங்கள் மண்டிக்கு இணையதளம் போட்டுக் கொடுத்தார். பெயரையும் அவர் கணக்கிலேயே பதிவு செய்துவிட்டார், நானும் கேட்கவில்லை. 2023இல் சர்வர் வாடகையை ஏற்றியதால் வேறு இடம் பார்த்தோம். நேம்சர்வரை மாற்ற ரிஜிஸ்ட்ரார் கணக்குக்குள் போக வேண்டும், அதற்கான ரகசிய எண் அவர் இ-மெயிலுக்குப் போகும். அவரோ வளைகுடாவில் வேலைக்குப் போயிருந்தார். நல்ல பிள்ளை, போனில் எண்ணைச் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் பன்னிரண்டு வருஷப் பெயர் அவருடையதுதான்.

பக்ரீத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழன் இரவு என் தம்பி மகன் நேம்சர்வரை மாற்றினான். தளம் புதுப் பொலிவோடு திறந்தது. "முடிஞ்சது பெரியப்பா, பழைய சர்வரை நாளைக்கே நிறுத்திடலாம்" என்றான். வெள்ளி, சனி இரண்டு நாளும் எனக்கு ஒரு மெயிலும் இல்லை. விடுமுறைச் சோர்வு என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை ஆம்பூர் ஷூ பாக்டரி கேன்டீன் மேனேஜர் போன் செய்தார். "என்ன அண்ணாச்சி, வெள்ளிக்கிழமையே இருபது மூட்டை சீரகச் சம்பாவுக்கு எழுதினேனே, பதிலே காணோம்? வாணியம்பாடியில் எடுத்துட்டேன்" என்றார். "பாய், எனக்கு வரவே இல்லையே" என்றேன். யார் நம்புவார்கள்?

நடந்தது இதுதான். ஏட்டில் இணையதளத்துக்கு ஒரு வரி என்றால், இ-மெயிலுக்குத் தனி வரி. அதை எம்.எக்ஸ் என்கிறார்கள். நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது டி.எக்ஸ்.டி வரியில் இருக்கும். நேம்சர்வரை மாற்றினால் பழைய ஏடு முழுவதையும் விட்டுப் புது ஏட்டுக்குப் போகிறோம். பழையதில் இருந்த வரிகள் தானாக வந்து சேராது. எங்கள் புது ஏட்டில் இணையதள வரி மட்டுமே இருந்தது. சிலர் அனுப்பிய மெயில் திரும்பிப் போயிற்று. பாயின் மெயிலோ பழைய சர்வருக்கே போய் அங்குள்ள பெட்டியில் படுத்திருந்தது.

அது ஏன் பழைய இடத்துக்குப் போயிற்று? ஒரு தடவை கேட்ட விலாசத்தை வழியிலுள்ள கம்ப்யூட்டர்கள் கொஞ்ச காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் என்பதை விநாடியில் எழுதியிருப்பார்கள். 3600 என்றால் ஒரு மணி, 86400 என்றால் ஒரு நாள். நம் ஏட்டிலுள்ள எண்ணைச் சில நாட்களுக்கு முன்பே 300 என்று குறைத்து வைக்கலாம். ஆனால் நேம்சர்வர் பெயருக்கு .காம் தலைமைப் பதிவேட்டில் உள்ள காலம் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். அது நம் கையில் இல்லை. ஆகவே பழைய சர்வரைக் குறைந்தது ஒரு வாரம் ஓடவிட வேண்டும். வாடகை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

பழைய ஏட்டின் எல்லா வரிகளையும் முதலில் காகிதத்தில் அச்செடுத்துப் புது ஏட்டில் ஏற்ற வேண்டும். பிறகு புது நேம்சர்வரையே நேரில் கேட்டுச் சரிபார்க்கலாம், கம்ப்யூட்டரில் என்.எஸ்.லுக்அப் என்ற கட்டளை இதற்கே உள்ளது. கடைசியாகத்தான் ரிஜிஸ்ட்ராரிடம் போக வேண்டும். டி.என்.எஸ்.செக் என்ற பூட்டுப் போட்டிருந்தால் அதை முன்கூட்டியே எடுத்து ஓரிரு நாள் விட வேண்டும். இல்லாவிட்டால் தளமே பலருக்குத் திறக்காது. தளம் போட்டுக் கொடுப்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், விழித்தால் வேறு ஆள் பாருங்கள்.

இது பெரிய இடத்திலும் நடக்கிற வேலைதான். நம் நாட்டின் .இன் பெயர்களை 2005 முதல் நிக்சி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. 2019இல் அதன் தொழில்நுட்ப வேலையை அஃபிலியாஸ் கம்பெனியிடமிருந்து நியூஸ்டார் கம்பெனிக்கு மாற்றினார்கள். இலட்சக்கணக்கான பெயர்கள் கைமாறின. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது?

என் தம்பி மகன் சொன்னபடி பழைய சர்வரை நிறுத்த நான் எழுதிப்போடவில்லை. மறதிதான், புத்திசாலித்தனம் அல்ல. திங்கள் மத்தியானம் அதைத் திறந்து பார்த்தபோது பாயின் ஆர்டரோடு பேரணாம்பட்டிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் வந்த இரண்டு மெயில்கள் இருந்தன. அந்த இரண்டு லோடும் அன்று இரவே ஏறின. பாயிடம் அச்செடுத்த காகிதத்தோடு நேரில் போய்க் காட்டினேன். அடுத்த மாத அரிசி என்னிடம்தான் எடுத்தார்.