உப்புக் காற்றும் பழைய காரும்

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையடியில் இரவு முழுக்க நிறுத்திவைத்த காரின் முன்கண்ணாடியை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே நீரை இழந்து, உப்புத் துகளாகி, எதிர்ப்பட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் உள்துறைமுகமுமாக இருக்கும் இந்த நகரில் அதற்குத் தப்பும் தகரம் குறைவு. அறுபது வருடப் பழைய காரொன்றை, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடி மீட்க நினைப்பவர் எஞ்சினைத் திறப்பதற்கு முன் இந்த உப்பைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும் என்று பாடசாலையில் படித்தோம். மழையில் துருப்பிடிக்கும், வெயில் காய்ந்தால் நின்றுவிடும் என்ற முடிவுக்கு நாமாகவே வந்தோம். கடலோரத்தில் அந்த முடிவு பொய்க்கிறது. காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தொட்டதும் சோடியம் குளோரைட்டு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே மாரி மழையில் மட்டுமல்ல, கச்சான் வீசி ஊரே வறண்டு கிடக்கும் நாட்களிலும், இரவானால் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உவர்நீர்ப் படலம் படர்ந்துவிடுகிறது. படலம் மின்னைக் கடத்தும். ஒரு புள்ளியில் இரும்பு இலத்திரன்களை இழந்து கரைகிறது, பக்கத்துப் புள்ளியில் ஒட்சிசன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. இடையில் நின்று இதை ஓட்டிக்கொடுக்கும் குளோரைட்டு அயன் பெரும்பாலும் செலவாவதே இல்லை. துருவுக்குள் பதுங்கி, அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும்.

ஐ.எஸ்.ஓ. 9223 என்ற பன்னாட்டுத் தரநூல் காற்றின் அரிப்பு வலிமையைத் தரம் பிரிக்கிறது. அதில் சி5 எனப்படும் கடுமையான சூழலில் பூச்சில்லாத உருக்கு முதல் வருடத்தில் மட்டும் 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை இழக்கும். 1960களில் செய்த கார்த் தகட்டின் தடிப்போ ஏறத்தாழ 900 மைக்ரோமீற்றர்தான். இதே ஊரின் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் பல, காடு மண்டிப்போயும் இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்துபோன தாங்கியின் எச்சம்கூட அங்கே கிடக்கிறது. தடித்த தகட்டுக்கு இழப்பதற்கு நிறைய உண்டு, காருக்கு இல்லை. போதாததற்கு, கார் பெரும்பாலும் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சில்களிலும் மட்காட்டின் மடிப்புகளிலும் நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டு ஈரம் தேங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், இரு தகடுகள் சேரும் ஒட்டை நெம்பிப் பிரித்துவிடும். பெயின்ற் கொப்புளிப்பதை நாம் கவனிக்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் இலங்கைத் தெருக்களில் பழைய பிரித்தானியக் கார்கள் இவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் பொருளாதாரம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதுக் கார் இறக்குமதி இறுகிக் கிடந்தது. இருந்த மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் எப்படியாவது ஓடவைக்க வேண்டிய கட்டாயத்தில் நமது கராச்சுகள் ஒரு தனிக் கைத்திறனை வளர்த்தன. தட்டி, மடித்து, ஒட்டி எந்தத் தகட்டையும் புதிதாகச் செய்யும் பாஸ்மார் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்விக்கும் முயற்சியில் இறங்கியது வெறும் கூலிக் கணக்கால் மட்டும் அல்ல என்றே நினைக்கிறேன். அந்தக் கார் இங்கே இன்னமும் உயிரோடு இருந்தது.

ஆனால் அதே திறமைதான் இன்று மீட்பவருக்குத் தலைவலி. ஓடினால் போதும் என்று செய்த வேலையில் அசலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பெற்றோல் எஞ்சின் இருந்த இடத்தில் ஜப்பானிய டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். விரல் தடிப்புக்குப் பட்டி பூசிய கதவு பளபளக்கும். காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் ஒட்டாது.

சரி, அசல் என்பது எது? இந்தக் கேள்வியை நன்றாகக் குழப்பிவிடும் கார் ஒன்று உண்டு. 1963இல் வெளிவந்த லோட்டஸ் கோர்ட்டினா. போர்ட் கம்பனிக்குப் பந்தயத்தில் வெல்ல ஒரு குடும்பக் கார் தேவைப்பட்டது. லோட்டஸ் கம்பனியின் கொலின் சப்மன், சாதாரண இரண்டு கதவுக் கோர்ட்டினாவின் உடலுக்குள் 1558 கன சென்ரிமீற்றர், 105 குதிரைவலு இரட்டைக் கேம் எஞ்சினை வைத்தார். எடை குறைய, கதவின் வெளித்தோலையும் பொனற்றையும் டிக்கி மூடியையும் அலுமினியத்தில் செய்தார். வெள்ளை நிறம், பக்கவாட்டில் பச்சைப் பட்டை. 1964இல் பந்தய ஓட்டுநர் ஜிம் கிளார்க் இந்தக் காரில்தான் பிரித்தானிய சலூன் கார்ச் சம்பியன் ஆனார். முதல் வகையில் மூவாயிரத்துச் சொச்சம் கார்களே செய்யப்பட்டன.

பின் அச்சைப் பிடித்து நிறுத்த சப்மன் வைத்த முக்கோணச் சட்டம் டிபரன்சல் பெட்டியை முறுக்கிற்று. ஆணிகள் தளர்ந்து, எண்ணெய் கசிந்து, அந்த எண்ணெய் சட்டத்தின் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுத்தது. 1965இல் தொழிற்சாலையே அதைக் கைவிட்டு, பழையபடி பட்டை வில்லுக்குத் திரும்பியது. இப்போது 1963ஆம் வருடக் காரொன்றை அசலாக மீட்பவர் அந்தப் பிழையையும் சேர்த்தே மீட்க வேண்டுமா? வேண்டும் என்பதே என் கட்சி. பிழையைத் திருத்திய கார் நன்றாக ஓடும், ஆனால் 1963இல் ஒரு பொறியியலாளர் என்ன நினைத்தார் என்பதை அது சொல்லாது.

இந்தக் கார் திருகோணமலைக் காற்றில் நின்றால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். உருக்குச் சட்டத்தின் மேல் அலுமினியத் தோலை மடித்து இறுக்கிய கதவு அது. இரண்டு உலோகமும் தொடுகின்றன, நடுவில் உவர்நீர் இருக்கிறது. அலுமினியம் இலத்திரனை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் என்பதால் மடிப்பின் ஓரத்தில் அதுதான் முதலில் வெண்பொடியாக உதிரும். மடிப்பைத் திறந்து, சுத்தம் செய்து, மின் கடத்தாத பசையை இடையில் பூசி மூடுவதே மருந்து. வெளியில் தெரியாத இத்தகைய திருத்தத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

வேலையில் இறங்கும்போது அவசரம்தான் பெரிய எதிரி. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஆணியையும் வயரையும் படம் எடுக்க வேண்டும். டாஷ்போட்டுக்குப் பின்னாலோ வேறு மறைவான இடத்திலோ நுண்ணிய தண்ணீர்த்தாளால் ஒரு சிறு வட்டம் தேய்த்தால், பூசிய நிறங்கள் எல்லாம் மரத்தின் வளையங்கள்போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். உலோகத்தை ஒட்டிய பிரைமருக்கு அடுத்து வருவதே பெரும்பாலும் தொழிற்சாலை நிறம். யாருடைய ஞாபகத்தையும்விட அதை நம்பலாம்.

பிறகு துரு. மணல் அடித்தால் தகடு வெள்ளி போல் ஆகிவிடும், ஆனால் குழிகளுக்குள் குளோரைட்டு அப்படியே இருக்கும். மறுநாள் காலையில் மஞ்சள் பூத்திருந்தால் அதன் அர்த்தம் இதுதான். அகலமான தகட்டில் மணலை அழுத்தி அடித்தால் தகடு நெளிந்தும் போகும். திரும்பத் திரும்ப நன்னீரால் கழுவி, கழுவிய நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அது குறைந்து நிலைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு நல்ல வழி: சலவைச் சோடாக் கரைசலில் பாகத்தைப் போட்டு மின்கலத்தின் மறைமுனையோடு இணைத்தால் துரு தளர்வதோடு குளோரைட்டு அயன்களும் வெளியேறி நேர்முனைப் பக்கம் போகும். கடலடியில் கிடைத்த பீரங்கிகளைக் காப்பாற்ற அருங்காட்சியக அறிவியலாளர்கள் கையாளும் முறையும் இதுவே. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஐதரசன் வெளிவரும், எனவே திறந்த இடத்தில் செய்யுங்கள். நேர்முனையில் துருவேறா உருக்கைத் தொங்கவிடாதீர்கள், கரைசலில் நச்சுக் குரோமியம் சேரும்.

மொரிஸ் மைனர், கோர்ட்டினா போன்ற கார்களுக்குத் தனிச் சாசி கிடையாது, உடலே எலும்பும். சில்லை வெட்டி எடுப்பதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களை ஒட்டி உடலைத் தாங்காவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும். புது சில் ஒட்டிய பிறகு கதவு சாத்தாத கார்களின் கதை அநேகமாக இதுதான். முடிந்ததும் உட்குழிவுகளில் மெழுகுக் கரைசல் பீச்சுவதை மறக்கக் கூடாது. தொழிற்சாலை அன்று அதைச் செய்யவில்லை என்று வாதாடுபவர்கள் உண்டு. தொழிற்சாலை திருகோணமலையின் உப்புவெளியில் இருக்கவில்லை.

பெயின்ற் விடயத்தில் ஒரு பயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று கராச்சுகளில் அடித்தது பெரும்பாலும் செலுலோஸ். இன்று கராச்சுகளில் அடிக்கும் இருபொதிப் பெயின்ற்றின் கடினப்படுத்தியில் ஐசோசயனேற்று இருக்கிறது. வாழ்நாள் ஆஸ்துமாவைக் கொடுக்கவல்ல பொருள் அது. லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு அதை அடிக்கும் பையன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் பயன் இல்லை, வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது.

எஞ்சினில் ஒன்று மட்டும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. மொரிஸ், ஒஸ்டின் போன்றவற்றின் வார்ப்பிரும்புத் தலையில் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது ஈயம் விட்டுச்சென்ற படிவு. அது இல்லாமல் நெடுந்தூரம் வேகமாக ஓடினால் வால்வுகள் மெல்ல உள்ளே புதையும். கடினமான உருக்கு வளையம் பதிப்பதே தீர்வு. இங்கே அசலைப் பிடித்துக்கொண்டு நிற்பது வீண் பிடிவாதம்.

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் இந்த வழக்குகளுக்கெல்லாம் ஓர் அளவுகோல் தருகிறது. கட்டடங்களைக் காப்பதற்காக 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது அது. இயன்றவரை குறைவாகக் கைவை, வைத்த கையைப் பதிவுசெய், வாகனம் கடந்துவந்த காலத்தின் தடங்களை மதி என்பவை அதன் சாரம். அந்தத் தடங்கள் எல்லாம் இனிமையானவையாக இருக்க வேண்டியதில்லை. 1957 முதல் புது வாகனங்களின் எண் தகட்டில் சிங்கள ஸ்ரீ கட்டாயமாயிற்று, தமிழர் அதை எதிர்த்துப் போராடினர், சில தகடுகளில் தார் பூசப்பட்டது. அதே 1957இன் பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற இளைஞர் நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காலத் தகட்டோடு ஒரு கார் உங்களிடம் வந்தால் எழுத்தையும் தாரையும் சுரண்டி அழகாக்க வேண்டாம். அது வரலாற்றுச் சான்று.

வீட்டு வளவில் தாத்தாவின் கார் ஒன்று மாமரத்தடியில் கிடக்கிறதா? பிளாஸ்ரிக் படங்கால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். கூரையின் கீழ் காற்றாட நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, அடைபட்ட வடிதுளைகளைக் குத்தித் திறந்து விடுங்கள். பதிவுப் புத்தகத்தையும் பழைய புகைப்படங்களையும் தேடி எடுத்து வையுங்கள். டிங்கர் பாஸைக் கூப்பிடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.