ஓதும் உதடும் ஓசையும் பிரிந்தால்: வீட்டில் எழுதிய டிவிடிகளைச் சரிசெய்வது எப்படி?



குமாரலிங்கபுரத்திலிருந்து ஒரு குடும்பத்தார் டிவிடி ஒன்றைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார்கள. மர்ஹூமான பெரியவர் தம் பேரப்பிள்ளைகளுக்கு சூரா யூசுஃபின் முதல் ஆயத்துகளை ஓதிக்கொடுத்த பாடம் அது. வீட்டிலேயே கேமராவில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி எழுதியிருக்கிறார்கள். 50 நிமிடப் பதிவு. தொடக்கத்தில் குறை எதுவும் இல்லை. போகப் போக வாயசைவு முந்துகிறது, குரல் பிந்துகிறது. கடைசி துஆவில் நன்னா முகத்தைத் தடவிக் கையை இறக்கிய பிறகுதான் "ஆமீன்" காதில் விழுகிறது. "ஹஜ்ரத், பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் ஓதிப் பழகுகிறார்கள். படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்கள்.

கேட்கலாம்தான். ஆனால் ஓதலைக் காதால் மட்டும் கற்றுவிட முடியாது. பா, மீம், வாவ் மூன்றும் உதடுகளில் பிறப்பவை. ஃபா, கீழுதட்டின் உட்புறமும் மேல்பல்லின் நுனியும் சேருமிடத்தில் பிறக்கிறது. உஸ்தாதின் வாயைப் பார்த்துத்தான் பிள்ளை இவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதிலும் சூரா யூசுஃபின் 11-வது ஆயத்தில் 'லா தஃமன்னா' என்ற இடம் இருக்கிறது. நம் நாட்டில் ஓதப்படும் ஹஃப்ஸ் கிராஅத்தில் அங்கே இஷ்மாம் செய்து காட்டுவார்கள். நூனை குன்னாவோடு நிறுத்தும்போது ளம்மாவுக்குக் குவிப்பதுபோல் உதட்டைக் குவிக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. அது காதுக்கு எட்டாது, கண்ணுக்கு மட்டுமே தெரியும். இந்த டிவிடியில் அந்த இடம் ஏறக்குறைய 20-வது நிமிடத்தில் வருகிறது. அதற்குள் குரல் ஒரு நொடிக்கு மேல் பிந்திவிட்டது. உதடு குவிவது ஓர் எழுத்தில், ஓசை வருவது இன்னோர் எழுத்தில். பிள்ளை எதைப் பிடிக்கும்?

எவ்வளவு பிசகினால் நமக்குத் தெரியும் என்பதற்குக் கணக்கு உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் கவனிக்கத் தொடங்குகிறார். முந்துவதை நாம் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் ஆச்சரியமில்லை. கண்மாயில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் அடிப்பது முதலில் தெரியும், ஓசை பிறகு வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடுகிறது. ஓசை பிந்துவதற்கு நம் மனம் பழகியிருக்கிறது. முந்துவதை உலகில் எங்கும் பார்த்ததில்லை.

சரிசெய்ய உட்காருவதற்கு முன் பிசகு எந்த வகை என்று பாருங்கள். பலர் இதைப் பார்க்காமலேயே மறுபடி மறுபடி எழுதி டிஸ்க்குகளை வீணாக்குகிறார்கள்.

முதலில் டிவிடியிலுள்ள 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு டிஸ்க்கிலோ பிளேயரிலோ டிவியிலோதான். கீறல் விழுந்த டிஸ்க்கைப் பிளேயர் திக்கித் திக்கிப் படிக்கும்போது ஒலி நழுவும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

கம்ப்யூட்டரிலும் பிசகு இருந்தால் தொடக்கம், நடு, முடிவு மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். விஎல்சியில் 'கே' விசை ஒலியை 50 மில்லிநொடி பிந்த வைக்கும், 'ஜே' விசை அதே அளவு முந்த வைக்கும். உதடு ஒட்டும் எழுத்துதான் அளவுகோல்: ஆமீனின் மீம், பிஸ்மியின் பா. பயான் பதிவு என்றால் மைக்கைத் தட்டிப் பார்க்கும் அந்த 'டொக்' இருக்கவே இருக்கிறது!

மூன்று இடத்திலும் ஒரே அளவு பிசகினால் வேலை எளிது. எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைப் போட்டு, ஒலித்தடத்தின் 'டிலே' கட்டத்தில் மில்லிநொடியை எழுதினால் போதும். ஒலி 300 பிந்தினால் கழித்தல் 300.

நடுவில் ஓரிடத்தில் திடீரென்று தாவி, அதற்குப் பிறகு அதே அளவில் பிசகினால், அங்கே படச் சட்டங்கள் விடுபட்டிருக்கின்றன. பழைய விஹெச்எஸ் கேசட்டிலிருந்து ஏற்றிய நிக்காஹ் பதிவுகளில் இது மிகுதி. அந்த இடத்தில் வெட்டி, பின்பகுதியை மட்டும் தனியாக நகர்த்த வேண்டும். கேசட் இன்னும் இருந்தால் அந்தப் பகுதியை மறுபடி ஏற்றுவதே நல்லது.

குமாரலிங்கபுரத்து டிவிடி மூன்றாவது வகை. தொடக்கத்தில் பூஜ்யம், 25-வது நிமிடத்தில் ஒன்றரை நொடி, முடிவில் 3 நொடி. 'ஜே' விசையை 60 தடவை அழுத்திக் கண்டுபிடித்தோம். இப்படி சீராக வளரும் பிசகுக்குப் பெரும்பாலும் வேகக் கணக்கே காரணம். நம் நாட்டு பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள என்டிஎஸ்சி முறையில் 29.97. இவர்களுடைய கேமரா அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்தது. டிவிடி எழுதிய மென்பொருள் 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்டால் படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடிவிடும். 50 நிமிடம் என்பது 3000 நொடி. அதில் ஆயிரத்தில் ஒன்று, சரியாக 3 நொடி.

இங்கே பலரும் ஒலியைச் சுருக்கிப் படத்தோடு பொருத்துவார்கள். பயானுக்கு அது பரவாயில்லை. குர்ஆன் ஓதலில் அப்படிச் செய்ய நமக்கு மனம் வரவில்லை. உஸ்தாத் மத்துகளை அளந்து ஓதிய குரல் அது. அது அப்படியே இருக்கட்டும், படம் இறங்கி வரட்டும். எம்கேவி டூல்நிக்ஸில் படத்தடத்தைத் தேர்ந்தெடுத்து, 'ஸ்ட்ரெச்' கட்டத்தில் 1001/1000 என்று எழுதினோம். சில நிமிடங்களில் முடிந்தது. நன்னாவின் உதடு நூனில் குவிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

டிவிடியைப் படிக்கும்போது ஒரு கவனம். பதிவு ஏறக்குறைய 1 ஜிபி அளவுள்ள பல 'விஓபி' ஃபைல்களாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றி ஒட்டினால் புதுப் பிசகு வரும். மேக்எம்கேவி போன்ற மென்பொருளில் முழுப் பதிவையும் ஒரே ஃபைலாக எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பழைய விசிடிகளை டிவிடியாக்கும்போது இன்னொன்று நேரும். விசிடியின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள், டிவிடிக்கு 48,000 வேண்டும். முறையாக மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றி எழுதினால், ஒலி வேகமாக ஓடுவதோடு குரலும் கீச்சென்று மாறும். அத்தாவின் குரல் சின்னப் பையன் குரல்போல் கேட்டால் காரணம் இதுதான். அதை இழுத்துச் சரிசெய்ய முனையாமல் விசிடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இப்போது செல்போனில் எடுப்பவர்களுக்கும் இது உண்டு. வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. டிவிடி எழுதும் மென்பொருளுக்கு அது பிடிபடாது. எழுதுமுன் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' 25 என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சரிசெய்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டாலே இன்றைய டிவிகள் பெரும்பாலும் ஓட்டிவிடும். டிஸ்க்தான் வேண்டுமென்றால் டிவிடி ஸ்டைலர் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய டிவிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை இதைவிட நன்றாகச் சரிசெய்ய வழி வந்தால் அசல் வேண்டும். ஆனால் வீட்டில் எழுதும் டிஸ்க்கில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வெயில் அதற்கு ஆகாது. ஜன்னலோரத்திலிருந்தும் டிவி மேலிருந்தும் எடுத்து, உறையிலிட்டு பீரோவுக்குள் நிறுத்தி வையுங்கள். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.