ஓர் ஊர் நீட்டிய கை

பிரஷர் உண்டா, சிகரெட் பிடிப்பீர்களா, கொழுப்புச் சத்து எவ்வளவு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாரடைப்பு வந்திருக்கிறதா? நெஞ்சுவலி என்று போனால் எந்த ஊர் மருத்துவரும் இவற்றைத்தான் முதலில் கேட்பார். இந்தக் கேள்விகள் மருத்துவத்துக்குள் வந்து நிலைத்ததற்குப் பெரிய காரணம் ஒரு சிற்றூர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஃபிராமிங்ஹாம்.

1940களில் அமெரிக்கர்களை அதிகம் கொன்றது இதய நோய். அது ஏன் ஒருவருக்கு வருகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வருவதில்லை என்று எவருக்கும் தெரியவில்லை. வயது ஏற ஏற இரத்த அழுத்தமும் ஏறுவது இயல்பு என்று மருத்துவர்கள் பலர் எண்ணினார்கள். குறுகிப்போன குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ள அந்த அழுத்தம் வேண்டும், அதைக் குறைப்பதே ஆபத்து என்றுகூட நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு நாட்டின் அதிபரும் தப்பவில்லை. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். கடைசி நேரத்தில் அளந்தபோது அழுத்தம் 300/190. மூன்று ஆண்டுகள் கழித்து, 1948 ஜூனில், அதிபர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டே ஃபிராமிங்ஹாம் ஆய்வு தொடங்கியது.

அதன் யோசனை மிக எளியது, செய்வதுதான் கடினம். நோயாளியிடம் போய் "முன்பெல்லாம் என்ன சாப்பிட்டீர்கள், எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டால் கிடைப்பது மங்கிய ஞாபகம். முதல் மாரடைப்பிலேயே உயிர் போனவரிடம் அதையும் கேட்க முடியாது. ஆகவே வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். நோய் வராதவர்களை முதலில் பிடி, எல்லாவற்றையும் அளந்து எழுதி வை, பிறகு காத்திரு. யாருக்கு நோய் வருகிறது என்று தெரிந்த பின் பழைய ஏட்டைப் புரட்டு.

காத்திருக்க வேண்டுமானால் ஊரை விட்டுப் போகாத மக்கள் வேண்டும். ஃபிராமிங்ஹாமில் அப்போது சுமார் 28,000 பேர் இருந்தார்கள். உள்ளூர்த் தொழிற்சாலைகளிலேயே வேலை கிடைத்ததால் பலர் வெளியேறவில்லை. 1917 முதல் சில ஆண்டுகள் அங்கே நடந்த காசநோய்த் தடுப்புப் பணியால் ஊருக்கு இதெல்லாம் புதிதும் அல்ல.

ஆனாலும் உடம்பில் ஒரு குறையும் இல்லாதவனை மருத்துவரிடம் வரவழைப்பது எளிதா? அதைச் செய்தவர்கள் ஊர்க்காரர்களே. உள்ளூர்க் குழு ஒன்று அமைந்தது. தெரிந்தவர் தெரிந்தவரிடம் பேசி அழைத்து வந்தார். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 6,507 பேரில் 4,469 பேர் வந்தார்கள். தாமாக முன்வந்த 740 பேரையும் சேர்த்து மொத்தம் 5,209 பேர். அதில் பாதிக்கு மேல் பெண்கள். இதய நோயை ஆண்களின் நோயாகப் பார்த்த காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் வந்து கையை நீட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆய்வாளர்கள் ஊர்ச் செய்திகளைப் பின்தொடர்ந்தார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் யார் பெயர், உள்ளூர்ப் பத்திரிகையில் யாருடைய மரண அறிவிப்பு என்று பார்த்தார்கள். ஊர் படித்து மறந்துபோகும் செய்தி இங்கே மருத்துவச் சான்றாக மாறியது.

விடைகள் மெல்ல வந்தன. சிகரெட் இதயத்தைத் தாக்குகிறது என்று 1960இல் தெரிந்தது. உயர் அழுத்தமும் கொழுப்பும் மாரடைப்புக்கு வழி செய்கின்றன என்று 1961இல் ஆய்வாளர் வில்லியம் கேனலின் குழுவினர் எழுதினார்கள். 'அபாயக் காரணி' என்ற கருத்து அந்தக் கட்டுரை வழியாகத்தான் பரவியது. என்னை மிகவும் உலுக்கும் முடிவு வேறு. வழக்கமான இ.சி.ஜி. எடுத்தபோது, சிலருக்குத் தெரியாமலே மாரடைப்பு வந்து போயிருந்த தடயம் தெரிந்தது. நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மாரடைப்புகள் இப்படித்தான் வெளிப்பட்டன.

1971இல் முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கைத் துணைகளுமாக 5,124 பேர் சேர்ந்தார்கள். 2002இல் பேரப்பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். வீடு மாறினால் தேடிப் பிடிப்பதற்காக, "உங்களைப் பற்றித் தெரிந்த நண்பர் யார்?" என்று கேட்டு எழுதி வைத்த தாள்களும் பின்னாளில் புதையலாயின. அவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் நிக்கலஸ் கிறிஸ்டாக்கிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் 12,067 பேரின் உறவு வலையை வரைந்தார்கள். நண்பர் பருமனானால் நாமும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது என்று 2007இல் சொன்னார்கள். ஒருவர் மற்றவரை மாற்றுகிறாரா, ஒரே மாதிரியானவர்கள்தான் நண்பர்களாகிறார்களா என்று புள்ளியியலாளர்கள் மறுத்துக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஒரு பெரிய குறையும் உண்டு. முதலில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். பிற இனத்தவரைத் தனிக் குழுவாகச் சேர்த்தது 1994இல்தான். அந்த ஏட்டிலிருந்து உருவான ஆபத்துக் கணக்கு தெற்காசியர்களின் ஆபத்தைக் குறைத்தே காட்டுகிறது. நமக்கு மாரடைப்பு முந்தி வருகிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது 53. மற்றவர்களுக்கு அது ஐந்தாறு ஆண்டுகள் தள்ளி வந்தது.

நம் உடம்பின் கணக்கை நம் ஊர்களில்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அடுத்த முறை அந்தக் கருவியோடு ஒருவர் உங்கள் வாசலில் நின்றால், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்கார்ந்து கையை நீட்டுங்கள். வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லும் மற்றவரையும் கூப்பிடுங்கள்.